புகையைக் கண்டால் பொழுதைக் கேள்

மாசி மகத் தேர்த் திருவிழாவன்று மாத்தளை நகருக்குள்ளே வாகனம் ஓட்டிச் சென்றவர்கள், நடந்து சென்றவர்களே பாக்கியசாலிகள் என்பதை நன்கறிவார்கள். ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிக்கு வந்துவிட்டால், ஊர் முழுவதும் மனிதக் கடலாகிவிடும். வண்டிகள் நின்ற இடத்தில் நிற்கவேண்டியதுதான்.

2023ஆம் ஆண்டு அவ்விழாவுக்கு என் மைத்துனரின் வானில் குடும்பத்தோடு சென்றிருந்தேன். நெரிசலில் ஏறத்தாழ அரைமணி நேரம் வண்டி நகரவேயில்லை. வானிலிருந்த அவருடைய வயது முதிர்ந்த தாயாருக்கு வெக்கை தாங்காதென்று, குளிரூட்டியை நிறுத்தாமல், எஞ்சினையும் ஓடவிட்டபடியே மைத்துனர் காத்திருந்தார். ஒருவாறு பொலிஸ்காரர் கை காட்டினார். மைத்துனர் அக்ஸிலறேட்டரை மிதித்ததுதான் தாமதம், பின்புறத்திலிருந்து நீலநிறப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பட்டுச் சேலை உடுத்தியிருந்த அம்மையார் ஒருவர் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் சூடு மைத்துனரின் முகத்தில் வெகுநேரம் தெரிந்தது.

வெட்கம் ஒருபுறமிருக்க, அந்த வான் வெறும் உல்லாச வண்டியன்று. காலையும் பிற்பகலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் அது. அக்குடும்பத்தின் சோறும் துணியும் அதன் நான்கு சில்லுகளிலேதான் உருண்டு வருகின்றன. அடுத்த மாதம் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவேண்டும். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. ஆகவே மறுநாளே வண்டியை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த இளைஞர் புகையைப் பார்த்தார். “நீலப் புகை வருகிறது; டர்போ முடிந்துவிட்டது; புதிதாகப் போடவேண்டும்” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிட்டார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர், நம் நாட்டில் பழைய வண்டிகளும் உதிரிப்பாகங்களும் என்ன விலைக்கு ஏறின என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். டர்போவுக்குச் சொல்லப்பட்ட தொகை, வானின் பல மாத வருமானமாக இருந்தது. அன்றிரவு என் தங்கை ஒன்றும் பேசாமல் தன் கையிலிருந்த இரண்டு காப்புகளையும் கழற்றி மேசைமீது வைத்ததை நான் கண்டேன்.

அக்காப்புகள் அடகுக் கடைக்குப் போயினவா என்பதைப் பிற்பாடு சொல்லுகிறேன். அதற்கு முன், புகை என்பது யாது, அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று ஆராய்வோம். வண்டி வைத்திருப்போருக்கு இது பணத்தைக் காக்கும் அறிவு. மாணவர்களுக்கோ பௌதிகமும் இரசாயனமும் வீதியிலே நடந்து காட்டும் பாடம்.

ஊதுகுழலின் கதை

எஞ்சின் என்பது ஓர் அடுப்புத்தான். விறகை எவ்வளவு திணித்தாலும் காற்றில்லாவிட்டால் அடுப்பு எரியாது, புகையத்தான் செய்யும். இதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஊதுகுழலை எடுத்து இரண்டு ஊது ஊதினால் புகை மறைந்து சுவாலை எழும். டீசலும் அவ்வாறே. ஒரு பங்கு டீசல் சரியாக எரிவதற்கு, நிறையளவில் ஏறத்தாழ பதினான்கரைப் பங்கு காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் இக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ பூட்டிய எஞ்சினுக்கோ ஓர் ஊதுகுழல் உண்டு.

அந்த ஊதுகுழலை ஊதுபவர் யார்? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையேதான்! வெப்பத்தோடும் வேகத்தோடும் வெளியே பாயும் அப்புகை, போகிற வழியில் ஒரு சிறு விசிறிச் சில்லைச் சுழற்றுகிறது. அந்தச் சில்லின் அச்சுத்தண்டினது மறுமுனையில் இன்னொரு சில்லு இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வீணே போகும் ஆவியைக் கொண்டு வேலை வாங்கும் இந்த யுக்தியைச் சுவிற்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி என்பவர் 1905ஆம் ஆண்டில் தமது பெயரில் காப்புரிமையாகப் பதிவு செய்தார். முதலில் கப்பல்களிலும் பெரிய நிலையான எஞ்சின்களிலும் பயன்பட்ட இது, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர், ஷெவர்லே கோர்வேர் மொன்சா என்னும் இரு மோட்டார் வண்டிகளில் இடம்பெற்றது. 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் கொம்பனி 300 எஸ்.டி. என்னும் டர்போ டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் வான்களிலும் லொறிகளிலும் டர்போ சர்வசாதாரணம்.

மலைநாட்டவராகிய நமக்கு இதில் ஒரு தனி நன்மையுண்டு. மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் நோக்கி ஏறினால் ஆயிரம் மீற்றருக்கும் மேலே போய்விடுகிறோம். ஆயிரம் மீற்றர் உயரத்தில் வளியமுக்கம், கடலோரத்தில் இருப்பதினும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே குறைந்திருக்கும். மலை ஏறுகையில் மூச்சு வாங்குவது நமக்கு மட்டுமல்ல, எஞ்சினுக்குந்தான். அக்குறையை ஈடுசெய்வது டர்போ.

ஆனால் இந்த ஊதுகுழல் படும் பாடு கொஞ்சநஞ்சமன்று. அதன் அச்சுத்தண்டு வேகமாகச் சுழலும்போது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளைத் தாண்டுகிறது. ஒரு பக்கம் கனலாய்க் காயும் புகை; மறுபக்கம் வெளிக்காற்று. இவ்விரண்டுக்கும் நடுவே அத்தண்டைத் தாங்கி நிற்பது எஞ்சின் ஒயிலின் மெல்லிய படலமே. ஒயில் மேலிருந்து அழுத்தத்தோடு உள்ளே வருகிறது, தண்டைக் குளிப்பாட்டுகிறது, பின்னர் தன் பாரத்தினாலேயே கீழ்க் குழாய் வழியாக எஞ்சினின் அடித்தொட்டிக்கு வடிந்துவிடுகிறது.

இவ்விடத்தில்தான் நேயர்கள் கவனிக்கவேண்டிய சூட்சுமம் இருக்கிறது. தண்டின் இரு முனைகளிலும் ஒயிலைத் தடுக்கும் வளையங்கள் உண்டு. ஆயினும் அவை போத்தலுக்கு இட்ட தக்கை போன்றவை அல்ல. ஒயில் தடையின்றி வடியும்வரையிலேதான் அவை அதைத் தடுத்து நிறுத்தும். தோட்டத்துப் பீலிக்கரையை நினைத்துப் பாருங்கள். பீலியிலிருந்து தண்ணீர் ஓயாது விழுந்தாலும் வாய்க்கால் திறந்திருக்கும்வரை தொட்டி நிரம்பி வழிவதில்லை. வாய்க்காலில் ஒரு பிடி வாழைச்சருகு அடைத்துக்கொண்டால் கரையெல்லாம் சேறாகிவிடும். அதற்காகத் தொட்டி உடைந்துவிட்டதென்று எவரேனும் சொல்வார்களா?

மூன்று நிறங்கள்

புகைக் குழாயிலிருந்து வரும் புகைக்குப் பொதுவாக மூன்று நிறங்கள் உண்டு. கறுப்பு, வெள்ளை, நீலம் என்பன அவை.

கறுப்புப் புகை எரியாத கரியின் நுண்துகள். அது ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தோன்றுகிறது. டீசல் மிகுந்துவிட்டது, அல்லது காற்றுக் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துப் புழுதி வீதிகளில் ஓடும் வண்டிகளில் மெக்கானிக்குகள் எயார் கிளீனர் என்று சொல்லும் காற்று வடிகட்டி அடைத்துக்கொள்வது சகஜம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் றப்பர் குழாய் வெடித்திருந்தாலும் கறுப்புப் புகை வரும். அப்போது மலை ஏறுகையில் ‘உஸ்’ என்ற சீறல் கேட்கும். வண்டிக்கு வலுவும் இருக்காது. டீசலைத் தூவும் இன்ஜெக்டர்கள் பழுதானாலும் இந்நிறமே தோன்றும். பழைய டீசல் வண்டியில் அக்ஸிலறேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது ஒரு கணம் கறுத்து மறைவது பெருங்குற்றமன்று. ஊதுகுழல் வேகம் பிடிக்கச் சிறிது நேரம் செல்வதே அதற்குக் காரணம்.

வெள்ளைப் புகை இருவகைப்படும். மார்கழிக் குளிரில் காலையில் எஞ்சினை இயக்கியதும் வெண்ணிறமாகத் தோன்றிச் சில நிமிடங்களில் மறைவது பெரும்பாலும் நீராவி; அதற்காக அஞ்சவேண்டியதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் மூக்கின் துணையை நாடவேண்டும். இனிப்பான வாடை வீசி, றேடியேற்றர் நீரும் நாளுக்குநாள் குறைந்து வந்தால், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுறலாம். ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். கண்ணைக் கரிக்கும் டீசல் நெடி வீசி, எஞ்சினும் தடுமாறி ஓடினால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது என்பது பொருள்.

நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவதன் அடையாளம். மாணவர்கள் கேட்கலாம், ஒயில் நீலமாக இல்லையே, புகை மட்டும் நீலமாவதேன் என்று. மாத்தளை நகரிலிருந்து கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்த்தால் அது நீலமாகத் தோன்றுகின்றதல்லவா? மலை பச்சைதான். ஆனால் இடையிலுள்ள காற்றின் மிக நுண்ணிய துகள்கள் சூரிய ஒளியில் நீலத்தையே அதிகமாகச் சிதறடிக்கின்றன. ஒயில் புகையிலுள்ள நுண்துளிகளும் அவ்வாறே செய்கின்றன. நீராவியின் துளிகள் பருமனானவை. அவை எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தோன்றுகின்றன.

பொழுதைக் கேட்கும் கலை

இனி, கராஜில் இளைஞர் கூறிய தீர்ப்புக்கு வருவோம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது என்பது உண்மை. ஆனால் ஒயில் எரியறைக்கோ புகைக் குழாய்க்கோ வந்து சேர ஒரு வழியல்ல, நான்கு வழிகள் இருக்கின்றன. தேய்ந்த பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிருந்து ஏறலாம். வால்வுகளின் சீல்கள் இறுகிக் காய்ந்துவிட்டால் மேலிருந்து இறங்கலாம். டர்போவின் வளையங்களைக் கடந்து வரலாம். எஞ்சினின் உட்புற ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றோடு கலந்தும் வரலாம். நான்கு வழியாக வந்தாலும் நிறம் ஒன்றே. ஆகையால் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது, காய்ச்சல் என்றவுடன் இன்ன நோய்தான் என்று முடிவுகட்டுவதை ஒக்கும். நல்ல வைத்தியர் எப்போது சுடுகிறது, எப்போது தணிகிறது என்று கேட்பார். புகைக்கும் அதுவே முறை.

காலையில் முதன்முதல் இயக்கும்போது ஒரு மூச்சு நீலப் புகை வந்து பின்னர் தெளிந்துவிட்டால், இரவு முழுவதும் வால்வு சீல்கள் வழியாக ஒயில் துளித்துளியாகச் சொட்டியிருக்கலாம். பெற்றோல் வண்டியொன்று ரிவர்ஸ்டனிலிருந்து நெடுந்தூரம் அக்ஸிலறேட்டரை மிதிக்காமல் இறங்கிவந்து, அடிவாரத்தில் மிதித்தவுடன் புகைத்தாலும் வால்வுப் பக்கத்தையே முதலில் ஐயுறவேண்டும்.

எந்நேரமும் புகைத்து, பாரம் ஏறஏறப் புகையும் மிகுந்தால் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஒயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பார்த்தால், அங்கிருந்து ஆவி குபீர் குபீரென்று அடித்துக்கொண்டு வரும். இதற்கு டர்போவை மாற்றி என்ன பயன்?

வெகுநேரம் மெதுவாக ஓடி நின்ற வண்டி, புறப்படும்போது மேகம்போல் நீலப் புகையைக் கக்கினால், டர்போவின் பக்கம் திரும்பலாம். மெதுவாக ஓடும்போது விசிறிச் சில்லின் பக்கம் புகையின் அழுத்தம் குறைவு. ஆகவே ஒயில் எளிதாகக் கசிந்து தேங்குகிறது. மிதித்தவுடன் சூடேறி, தேங்கியதெல்லாம் ஒருசேர எரிகிறது. திருவிழாக் கூட்டத்தில் எங்கள் வானுக்கு நேர்ந்தது இதுவே.

ஒயில் மாற்றிய மறுநாளே புகை தொடங்கினால், அளவுகம்பியை இழுத்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி ஊற்றியிருக்கக்கூடும். மேற்குறிக்கு மேலே ஒயில் நின்றால், டர்போவிலிருந்து வடிவதற்கு வழியில்லாமல் போகலாம். காற்று வடிகட்டி மிகவும் அடைபட்டிருந்தாலும் டர்போ ஒயிலை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது நோய் டர்போவில் தெரியும். மருந்து வடிகட்டியில் இருக்கும்.

புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி புகைக் குழாயிலேயே உண்டு. அவ்வகை வண்டியில் கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதால் நோயில்லை என்று எண்ணிவிடலாகாது. ஒயில் வழக்கத்துக்கு மாறாகக் குறைகிறதா என்பதை அளவுகம்பியில் பார்த்துவருவதே நம்பத்தக்க சாட்சி.

உக்குவளையில் கிடைத்த விடை

உக்குவளைப் பக்கத்தில் முதியவர் ஒருவர் இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலை எஞ்சின்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவர். இப்போது வீட்டோடு சிறு கொட்டகை வைத்துத் தெரிந்தவர்களின் வண்டிகளைப் பார்த்துக் கொடுக்கிறார். காப்புகளை அடகு வைப்பதற்கு முன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று மைத்துனரை நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

அவர் வண்டியின் அருகே வரவில்லை. பலகையில் அமர்ந்தபடியே, “தம்பி, எப்போது புகைக்கிறது?” என்று கேட்டார்.

“நின்று புறப்படும்போது, ஐயா.”

“காலையில் எழுப்பும்போது?”

“அப்போது இல்லை.”

“பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது?”

“அப்போதும் அவ்வளவாக இல்லை.”

“எவ்வளவு காலமாக?”

மைத்துனர் யோசித்தார். “இரண்டு மாதம் இருக்கும், ஐயா.”

“அதற்குச் சற்று முன்னே எஞ்சினில் யாராவது கை வைத்தார்களா?”

மைத்துனருக்கு அப்பொழுதுதான் நினைவு வந்தது. டர்போவின் அடியில் சிறிது ஒயில் கசிந்ததென்று, வேறோர் இடத்தில் கீழ்க் குழாயைக் கழற்றிப் பூட்டியிருந்தார்கள். கசிவு நின்றுவிட்டது, அதனால் அதை அவர் மறந்தே போனார்.

முதியவர் எழுந்து பானட்டைத் திறந்தார். காற்றுக் குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருந்த நிலையில், டர்போவின் சில்லை விரலால் மெல்லச் சுழற்றினார். அது உரசாமல் வழுக்கிச் சுழன்றது. தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பின்னர் எஞ்சினை இயக்கச் சொல்லி ஒயில் மூடியைத் திறந்தார், ஆவி அடிக்கவில்லை. மூச்சுக்குழாயும் சுத்தமாகவே இருந்தது. கடைசியாக வண்டி ஆறும்வரை காத்திருந்து, அந்தக் கீழ்க் குழாயைக் கழற்றினார்.

கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பசையைத் தாராளமாகப் பூசிக் குழாயைப் பூட்டியிருக்கிறார்கள். இறுக்கியபோது பசை உட்புறமாகப் பிதுங்கி, காய்ந்து, ஒயில் வடியும் வாயில் பாதிக்கு மேல் மூடிவிட்டது. பீலிக்கரை வாய்க்காலில் வாழைச்சருகு அடைத்த கதைதான்!

பெரியவர் பசையைச் சுரண்டி எடுத்தார். கேஸ்கெட் கடதாசியை அளவாக வெட்டி வைத்துக் குழாயைப் பூட்டினார். எஞ்சின் ஒயிலும் ஒயில் வடிகட்டியும் மாற்றப்பட்டன. “இரண்டு மூன்று நாள் புகைக்கும்; பயப்படவேண்டாம். குழாயில் தேங்கியிருப்பது எரிந்து தீரவேண்டும்” என்றார். அவ்வாறே மூன்றாம் நாள் புகை நின்றது. அடுத்த மாதம் புகைப் பரிசோதனையிலும் வான் தேறிவிட்டது. தங்கையின் காப்புகள் மேசையிலிருந்து மீண்டும் கைக்கே சென்றன.

புறப்படும்போது அவர் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் நிற்கிறது. “தம்பி, நீங்கள் புதிய டர்போவே போட்டிருந்தாலும் இந்தக் குழாயிலேதான் பூட்டியிருப்பார்கள். அதுவும் புகைத்திருக்கும்” என்றார்.

கராஜ் இளைஞர்மீது பழி சுமத்த நான் விரும்பவில்லை. ஒயில் டர்போ வழியாக வந்தது மெய். அந்தமட்டில் அவர் கண்டது சரியே. ஏன் வந்தது என்ற கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. நாமும் அவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததை மறந்த நோயாளியிடம் வைத்தியர் எதைத்தான் கண்டுபிடிப்பார்?

அலட்சியம் கூடாது

இவ்வளவும் கூறியதால், புகையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. டர்போ உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. சில்லு உள்ளோட்டில் உரசினாலோ, ஊளையிடுவதுபோன்ற சத்தம் எழுந்தாலோ, ஒயில் விரைந்து குறைந்தாலோ அதை மாற்றியோ திருத்தியோதான் ஆகவேண்டும்.

டீசல் வண்டியில் இன்னும் ஒரு பேராபத்து இருக்கிறது. டர்போவின் வளையம் முற்றாகப் பழுதாகி ஒயில் மிகுதியாக உள்ளே பாயுமானால், எஞ்சின் டீசலை விட்டுத் தன் ஒயிலையே குடித்து ஓடத் தொடங்கும். திறப்பைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். கையால் கியர் மாற்றும் வண்டியானால், முன்னே ஆளில்லாத இடத்தில், பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டு, உயர்ந்த கியரில் போட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்தலாம். அது இயலாவிட்டால் வண்டியிலுள்ளோரை இறக்கி, தூர விலகிவிடவேண்டும். சீறி ஓடும் எஞ்சினின் அருகே கையைக் கொண்டுபோகலாகாது.

சுகாதாரத்தையும் மறக்கலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வகைப்படுத்தியது. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் வீணானதொரு தொல்லையன்று. டீசல் வண்டியின் எஞ்சினைப் பாரமின்றி விரைவாக முடுக்கி, வெளிவரும் புகையினூடாக ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைக்கப்படுகிறது என்று அங்கே அளக்கிறார்கள். ஆனால் அக்கருவி புகை எவ்வளவு என்று கூறுமேயன்றி, எங்கிருந்து வந்தது என்று கூறாது. அதைக் கண்டறிவது நம் கடமை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகளின் மூக்கு, நம் வண்டியின் புகைக் குழாய் உயரத்துக்குச் சற்றே மேலே இருக்கிறதென்பதை ஓட்டுநர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்வாராக.

வருமுன் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. வண்டிக்குரிய தரத்து ஒயிலை உரிய காலத்தில் மாற்றவேண்டும். காற்று வடிகட்டியைப் புழுதிக் காலத்தில் அடிக்கடி பார்க்கவேண்டும். காலையில் இயக்கியவுடனே எஞ்சினை அலறவிடக்கூடாது. ஒயில் மேலேறி டர்போவை அடையச் சில விநாடிகளாவது அவகாசம் தரவேண்டும். மலை ஏறி முடிந்ததும் திறப்பை உடனே திருப்பாமல், ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தவேண்டும். இல்லையேல் காய்ந்த டர்போவுக்குள்ளே நின்றுபோன ஒயில் கருகிக் கரியாகி, நாளடைவில் அதே வடிகாலை அடைத்துவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. வண்டி புகைக்கத் தொடங்கினால், கராஜுக்குப் போவதற்கு முன் வீட்டிலுள்ள மாணவரொருவர் கொப்பியில் ஐந்து விடயங்களை எழுதிக் கொடுக்கட்டும்: புகையின் நிறம் என்ன, வாடை என்ன, எந்தப் பொழுதில் வருகிறது, ஒயிலும் நீரும் குறைகின்றனவா, அண்மையில் யார் எதைக் கழற்றிப் பூட்டினார்கள். என் தங்கையின் மகள் இப்போது வானுக்கென்று அப்படியொரு கொப்பி வைத்திருக்கிறாள். முதற்பக்கத்தில் உக்குவளைப் பெரியவர் கேட்ட கேள்விகளையே எழுதி வைத்திருக்கிறாள்.